வீராயிக்கு மட்டும் அடித்த கரண்ட்

லக்ஷ்மிபாய் நகர்,
புது தில்லி.
12-2-1998, வியாழன்

சௌபாக்கியவதி ரோஹிணிக்கு அப்பா மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் முழுசாக, கை கால் விளங்க இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஜெயகிருஷ்ணனும் டொரான்டோ பனியில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். முழுசாக என்று எழுதியதைப் பார்த்துவிட்டு போன் செய்ய ஓடாதே, கடைசி வரை படி. தமிழ் ஸ்கூலில் எட்டாவது வரை படித்தவள் நீ, எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாய், ஆனால் அவசரத்தில் பாதி வரியைத் தாண்டிப் போகிற வழக்கம் உனக்கு உண்டு. இந்தக் கடிதத்தில் அப்படிச் செய்யாதே. நேற்று காலை எனக்கு கரண்ட் அடித்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, முழங்கையில் சிராய்ப்பு, டாக்டர் பார்த்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு தெரிந்துகொண்ட விஷயம்தான் என்னை ஆட்டிவிட்டது.

பொங்கலுக்கு எழுதிய கடிதத்தில் வீராயி கதையை எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும். நீ கனடா போன பிறகு நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்தவள், விழுப்புரம் பக்கத்துக்காரி, நாலா சாக்கடை ஓரத்து ஜுக்கிக் குடிசையில் இருக்கிறாள், நீ அவளைப் பார்த்ததில்லை. ஒன்றரை வருஷம் ஒழுங்காக வேலை செய்தவள் திடீரென்று சமையலறை சுவிட்சைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறது என்று நாடகம் ஆடுகிறாள், வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை, அதனால் நிறுத்திவிட்டோம் என்று விகடம் பண்ணி எழுதினேன். நீயும் அதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டி இரண்டு பேரும் சிரித்ததாகப் பதில் போட்டிருந்தாய். நான் எழுதியது அத்தனையும் தப்பு ரோஹிணி. அவள் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். தீபாவளி முடிந்த மறுவாரம் சமையலறை சுவிட்ச் போடும்போதெல்லாம் சடசடவென்று சத்தம் வர ஆரம்பித்தது. நாலு தடவை தட்டினால் ஒரு தடவை விளக்கு எரியும். குவார்ட்டர்ஸ்காரர்களிடம் எழுதிக் கொடுத்திருந்தால் ஆள் அனுப்பியிருப்பார்கள். நான்தான் எழுதிக் கொடுக்கவில்லை, ஒரு சுவிட்சை மாற்ற எனக்குத் தெரியாதா என்கிற மிதப்பு. மெயினை அணைத்துவிட்டு, புது சுவிட்ச் வாங்கி வந்து, அரை மணியில் மாட்டிவிட்டேன். பலகையை மூடும்போது ஒரு ஸ்குரூ உருண்டு சிங்க் ஓட்டைக்குள் போய்விட்டது. பழைய பால்பவுடர் டப்பாவில் நான் சேர்த்து வைத்திருக்கிற ஸ்குரூ ஆணிகளைப் பார்த்து நீ எத்தனை கேலி செய்திருப்பாய். அதைக் கொட்டித் தேடியதில் அதே பருமனில் ஒன்று கிடைத்தது, கொஞ்சம் நீளம். நீளமாக இருந்தால் நன்றாகத்தானே பிடிக்கும் என்று சுவிட்சுக்குப் பக்கத்திலேயே அதை முறுக்கி இறக்கினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. உன் அம்மா அன்றைக்கு எனக்கு இரண்டாவது டம்ளர் காபி கேட்காமலேயே கொடுத்தாள்.

நாலைந்து நாள் கழித்து வீராயி, 'ஐயா, அந்த சுவிச்சைத் தொட்டா சுரீர்னு இழுக்குது' என்றாள். உன் அம்மா போய்ப் போட்டுப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. நான் டெஸ்டரை எடுத்து வந்து சுவிட்ச் பித்தானின் மேல் வைத்துக் காட்டினேன், டெஸ்டர் விளக்கு எரியவில்லை. பித்தான் பிளாஸ்டிக், அதில் எப்படி எரியும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பத்து தடவை அவள் எதிரிலேயே போட்டு அணைத்துக் காட்டி, பார்த்தாயா என்று கேட்டேன். அவள் சரிங்கய்யா என்றாள். ஆனால் மறுநாளிலிருந்து விளக்குப் போட அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தாள். உன் அம்மாவுக்கு இருக்கிற முட்டி வலியில், ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய் சுவிட்ச் போட வேண்டும் என்றால் கோபம் வராதா. பிறகு வீராயி கூப்பிடுவதை விட்டுவிட்டு இருட்டிலேயே தேய்க்க ஆரம்பித்தாள், டிசம்பர் ஜனவரியில் காலை எட்டரைக்கு நம் சமையலறை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பாத்திரத்தில் பிசுக்கு நின்றது. அதற்கு ஒரு சண்டை. கடைசியில் ஒரு நாள் நானே பக்கத்தில் நின்று, என் எதிரில் சுவிட்சைப் போடு என்றேன். மாட்டேன் என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வேலை செய்ய இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல்லு, எதற்கு இப்படிப் பொய் சொல்கிறாய் என்று கத்தினேன். கதவு திறந்திருந்தது, மாடிப்படி முழுக்கக் கேட்டிருக்கும். மேல் வீட்டு விசாலாக்ஷி மாமி என்ன விஷயம் என்று கேட்டபோது அவளிடமும், ஜாக்கிரதை, வாயைத் திறந்தால் பொய் என்று சொன்னேன். மாமியும் அந்த வாரமே வீராயியை நிறுத்திவிட்டாள். நம் வீட்டு வேலை போனது மட்டும் இல்லை, என் வார்த்தையால் அவளுக்கு இந்த பிளாக்கிலேயே பேர் கெட்டுப்போய்விட்டது.

அவள் இடத்துக்கு மஹாலட்சுமி என்று ஒரு பெண் வந்தாள், அதே ஜுக்கிதான், வந்து மூன்று வாரம் ஆகிறது. வாயே திறக்க மாட்டாள். சுவிட்ச் பற்றி ஒரு புகாரும் இல்லை. பார்த்தாயா, இவளுக்கு மட்டும் அடிக்கவில்லையே என்று நான் உன் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

நேற்று உன் தாத்தாவின் திவசம். மஹாலட்சுமியை வர வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியாகிவிட்டது. நான் விடியற்காலையில் தலைக்குக் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு வந்தேன். அம்மா மடியாக சமையலுக்கு உட்காரப் போகிறாளே, அதற்குள் விளக்கைப் போடுவோம் என்று சமையலறைக்குள் போய் சுவிட்சில் கை வைத்தேன். அவ்வளவுதான் தெரியும். தோள்பட்டை வரைக்கும் யாரோ பிடித்து முறுக்கி உதறின மாதிரி இருந்தது, அடுத்த நிமிஷம் கிரைண்டர் பக்கத்தில் கீழே கிடக்கிறேன். வாயில் இரும்பு ருசி. உன் அம்மா என்னைத் தூக்க ஓடி வந்தாள், தொடாதே, மெயினை அணை என்று கத்தினேன், கத்தினதாக நினைத்துக்கொண்டேன், குரலே எழும்பவில்லையாம். எப்படியோ அவள் போய் அணைத்துவிட்டாள். இரண்டு பேருமாகத் தரையில் உட்கார்ந்திருந்தோம். நெஞ்சு அடித்துக்கொண்டது நிற்க ரொம்ப நேரம் ஆயிற்று. அம்மா எனக்கு முன்னால் அந்த அறைக்குள் போயிருந்தால் என்று ஒரு யோசனை வந்தது, அதை மேலே யோசிக்கவே பயமாக இருந்தது.

எத்தனை நாளாக இதே சுவிட்சைப் போடுகிறேன், இன்றைக்கு மட்டும் ஏன் அடித்தது என்று நான் முணுமுணுத்தேன். உன் அம்மாதான் மெதுவாகச் சொன்னாள், 'இன்னிக்கு நாம ரெண்டு பேரும் வெறுங்காலோட இருக்கோமே.' அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குளிர் ஆரம்பித்ததிலிருந்து மொசைக் தரை தாங்காமல் நான் வீட்டுக்குள் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன். குதிகால் வலிக்காக டாக்டர் சொல்லி உன் அம்மாவும் சமையலறைக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்திருக்கிறாள். திவசம் என்பதால் நேற்று இரண்டு பேரும் கழற்றியிருந்தோம். வீராயி செருப்பை வாசற்படியிலேயே விட்டுவிட்டு வருவாள். வேலைக்கு வருகிறவர்கள் அப்படித்தான் வர வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம், யார் எப்போது சொல்லி ஏற்பட்டது என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் சிங்க் பக்கத்தில் ஈரத்தரையில், ஈரக்கையோடு, வெறுங்காலில் நிற்பாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பத்து தடவை போட்டுக் காட்டி அவளைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறேன்.

வாத்தியார் வந்து, இருட்டுச் சமையலறையில் அம்மா குத்துவிளக்கு வெளிச்சத்தில் சமைத்து, காரியம் எப்படியோ முடிந்தது. மந்திரத்தில் மனசு நிற்கவே இல்லை, தாத்தா மன்னிக்கட்டும். எல்லோரும் சாப்பிட்டுப் போனதும் செருப்பைப் போட்டுக்கொண்டு, மெயினை மட்டும் போட்டு, டெஸ்டரை பித்தானில் வைக்காமல் பக்கத்து ஸ்குரூ தலையில் வைத்தேன். சிவப்பாக எரிந்தது. சுவிட்சைத் தட்டும்போது கட்டைவிரல் போய்ப் படுகிற இடம் அதுதான். மறுபடி மெயினை அணைத்துப் பலகையைக் கழற்றினேன். நான் இறக்கிய அந்த நீள ஸ்குரூ பின்னால் இருந்த சிவப்பு வயரின் உறையைக் குத்திக்கொண்டு தாமிரம் வரைக்கும் போயிருந்தது. வேறு யாரும் வைத்த வினை இல்லை, என் கையால் நான் வைத்தது. வயரை மாற்றி, சின்ன ஸ்குரூ போட்டு, மேலே டேப் சுற்றி, டெஸ்டரால் ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்தாயிற்று. இப்போது பயம் இல்லை. இன்றைக்கு லீவு போட்டிருக்கிறேன், பாக்கி அறைகளுக்கு குவார்ட்டர்ஸ் எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

நேற்று சாயங்காலம் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அந்த நாலா ஓரத்துக்குப் போய் விசாரித்து வீராயி வீட்டைக் கண்டுபிடித்தேன். இப்போது கட்டட வேலைக்குப் போகிறாளாம், தலையில் சும்மாடோடு அப்போதுதான் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனவன், அங்கே போய் எனக்கும் அடித்துவிட்டது வீராயி, நீ சொன்னதுதான் நிஜம் என்று மட்டும் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, 'ஐயோ, நெஞ்சு வலி கிலி ஒண்ணும் இல்லீங்களே? மாமி தொடலியே?' என்று. தப்பு என் மேல், நீ மறுபடி வேலைக்கு வா என்றேன். 'அது வேணாங்கய்யா, மஹாலட்சுமி அந்த வேலையை நம்பித்தான் இருக்கா. மேல் வீட்டு மாமிகிட்ட மட்டும் நான் பொய் சொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாலு வீட்டுக்குப் போற எனக்கு அதுதாங்க வேணும்' என்றாள். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறி, விசாலாக்ஷி மாமியிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். 'நீங்க சொன்னேளேன்னுதான் நான் அவளை நிறுத்தினேன்' என்று மாமி என்னை ஒரு பார்வை பார்த்தாள், பார்க்கட்டும். வருகிற திங்களிலிருந்து வீராயி மாமி வீட்டுக்கு வருகிறாள்.

அதனால் நீ மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தையும் படித்துக் காட்ட வேண்டும், அப்பா எழுதியது பொய், அந்தப் பெண் சொன்னது நிஜம் என்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் எது ரிப்பேரானாலும் மாப்பிள்ளை தானாகக் கழற்ற வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள். ஈரக்கையோடு எதையும் தொடாதே. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கின அப்பளம், மோர்மிளகாய் பார்சல் கிடைத்ததா என்று எழுது. இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் ஒற்றுமையாக இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

ரோஹிணி, கடிதத்தைக் கவருக்குள் போட்டுவிட்டு மறுபடி வெளியே எடுத்து எழுதுகிறேன். இப்போதுதான் மஹாலட்சுமி வேலைக்கு வந்தாள். இனிமேல் பயமில்லாமல் விளக்குப் போடலாம், சுவிட்சை சரி செய்துவிட்டேன், உனக்கு ஒரு நாளும் அடிக்காதது உன் அதிர்ஷ்டம் என்று சொன்னேன். 'அடிக்கும் சார், வந்த மொத நாளே அடிச்சுது' என்றாள், கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை, கடைக்குப் போய் வந்ததைச் சொல்கிற மாதிரி. 'சேலைத் தலைப்பைக் கையில சுத்திக்கிட்டுத்தான் போடுவேன். வெறுங்கையால தொடாதேன்னு வீராயி அக்கா முன்னாடியே சொல்லித்தான் அனுப்பினாங்க.' ஏன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். 'சொன்னதுக்குத்தானே சார் அக்காவை நிறுத்துனீங்க' என்றாள்.

உன் அம்மாதான் அவள் பக்கத்தில் போய், இந்த வீட்டில் உனக்குக் கஷ்டமாக இருக்கிற வேறு எதுவாவது இருந்தால் சொல்லும்மா, நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம் என்று கேட்டாள். 'ஒண்ணும் இல்லீங்க மாமி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிட்டு அவள் குழாயைத் திறந்து பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் முகத்தைப் பார்த்து அது நிஜமா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு, உன் நலமே நினைக்கும்
அப்பா
வேதாந்தம்