கிளிப்புக் குடும்பம்

12.2.2006 ஞாயிறு
இன்னைக்கு இருந்தவங்க: நான், என் பையன் ஸ்ரீகாந்த், மருமகள் சுபாஸ்ரீ, பேத்தி வர்ஷினி, எதிர் ஃப்ளாட் கிரிஜா. வர்ஷினிக்கு அஞ்சு வயசு முடிஞ்சது. ஆபீஸ் வேலையா அமெரிக்கா போயிருந்த ஸ்ரீகாந்த் பொம்மை வீடு ஒண்ணு கொண்டுவந்திருக்கான். மாடி, படிக்கட்டு, எரியிற விளக்கு. குழந்தை கை வைக்கிறதுக்குள்ள ஷோகேசுக்குள்ள போயிடுச்சு. சுத்தின கண்ணாடித்தாளைக்கூடப் பிரிக்கலை. வர்றவங்க பார்க்கணுமாம். சுபாஸ்ரீ வேலைதான், வேற யாரு? கல்யாணத்துல என்னை மூணாம் பந்தியில உட்கார வச்ச குடும்பம். அன்னைக்குப் போட்ட ஆறின சாம்பார்வரைக்கும் ஞாபகம் இருக்கு.

19.2
குழந்தை ஷோகேஸ் கண்ணாடியில மூக்கை வச்சுக்கிட்டே நிக்குது.

3.3
பள்ளிக்கூடத்து மிஸ் சொல்லி அனுப்பினாங்களாம். குழந்தையை விளையாட விடுங்க, கையில கிடைச்சதை வச்சுக் கதை கட்ட விடுங்க, அப்பத்தான் கற்பனை வளரும்னு. நீங்களும் கூட உட்காருங்க அத்தைன்னு சுபாஸ்ரீ என்கிட்ட சொல்றா. எனக்கே பாடம்.

துணி கிளிப்பு டப்பாவைக் கவுத்துக் கொடுத்தேன். நீலம் அப்பா. சிவப்பு அம்மா. ஸ்பிரிங் தளர்ந்த பச்சை நான். பேர் வச்சது வர்ஷினிதான்.

கிளிப்பெல்லாம் தெலுங்குதான் பேசுது. இவளுக்கு விளையாட்டுன்னா அதான் வாயில வரும். நான் இதே தெலுங்கு ஊர்ல, மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ்ல குடும்பம் நடத்தினவ, எனக்குப் புரியும். கோயமுத்தூர்க்காரி சுபாஸ்ரீக்கு ஒரு வார்த்தை தெரியாது. நல்லதாப் போச்சு.

17.3
என்னைப் பத்தி வீட்டுல என்ன பேசுறாங்கன்னு பச்சைக் கிளிப்பை விட்டுக் கேக்க வச்சேன். விளையாட்டாத்தான்.

வர்ஷினி பச்சையை எடுத்து டிபன் டப்பாவுல போட்டு மூடி, கட்டிலுக்கடியில தள்ளிட்டா. "நானம்மா ஹாஸ்டல்." நானம்மான்னா அப்பாவைப் பெத்தவ.

ஹாஸ்டலா? அமீர்பேட்ல கம்ப்யூட்டர் படிக்கிற பசங்களுக்குத்தானே அது?

18.3
தூங்கலை. காலையில இன்னும் கேட்டேன். அங்க நிறைய தாத்தா பாட்டி இருப்பாங்களாம். மணி அடிச்சா சாப்பாடாம். கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினதையெல்லாம் குழந்தை கேட்டு வச்சிருக்கு.

அடிப்பாவி சுபாஸ்ரீ. ஸ்ரீகாந்துக்குத் தெரிஞ்சா விடுவானா? டப்பாவை மூடச் சொன்னது யாருன்னு குழந்தையை நான் கேக்கலை. கேக்கணுமா என்ன?

2.4
அவளைப் பெத்தவங்க மே மாசம் வர்றாங்களாம். வரட்டும்.

தினம் அந்த விளையாட்டையே விளையாட வைக்கிறேன். டப்பா மூடினதும் போதும்னுடுவேன். இன்னைக்கு அவ வேற கதை சொல்றேன்னா. கிளிப்பெல்லாம் ரயில்ல ஏறிக் கடலுக்குப் போகுதாம், பச்சைக்கு ஜன்னல் சீட்டாம். நக்கோ, அதெல்லாம் வேணாம், ஹாஸ்டல் கதைதான்னேன். அழுதா. அழட்டும். பழகணும்ல.

7.5 ஞாயிறு
எழுதிடணும்.

சம்பந்தி குணசேகரன், அவர் வீட்டம்மா வசந்தகுமாரி, கிரிஜா, எல்லாரும் காபி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. பேத்தி நாடகம் போடுறா பாருங்கன்னேன். சம்பந்திக்குத் தெலுங்கு தெரியாதே, ஒவ்வொண்ணா நான் தமிழ்ல சொல்லிட்டு வந்தேன். பச்சை டப்பாவுக்குள்ள போச்சு. "அது நான். உங்க பொண்ணு எனக்குப் பார்த்து வச்சிருக்கிற இடம் அது."

வசந்தகுமாரி டம்ளரைக் கீழே வச்சுட்டா. அவ முகம் அப்படிப் போறதைப் பார்க்க எத்தனை வருஷம் காத்திருந்தேன்.

ஆனா கூட்டத்தைப் பார்த்த குழந்தை நிறுத்தலை. சிவப்பு வந்து மூடியைத் திறந்துச்சு, என்னவோ பேசிச்சு. நீலம் வந்து மூடிச்சு. அதுவும் பேசிச்சு. நான் தமிழ்ல சொல்றதை நிறுத்திட்டேன்.

"அதுங்க என்ன சொல்லுதுங்க?" குணசேகரன் என்னைத்தான் கேட்டார்.

தெலுங்கு தெரிஞ்ச கிரிஜாதான் தரையைப் பார்த்துட்டே சொன்னா. "அம்மா கிளிப்பு சொல்லுது, அத்தை நம்ம கூடவே இருக்கட்டும், நான் பார்த்துக்கிறேன்னு. அப்பா கிளிப்பு சொல்லுது, ஆபீஸ் வேலைக்கு எனக்கு அந்த ரூம் வேணும், இடம் சொல்லியாச்சு, நீ அழாதேன்னு."

ஸ்ரீகாந்த் எழுந்து வந்து வர்ஷினி கன்னத்துல ஒண்ணு விட்டான். கிளிப்பையெல்லாம் வாரி ஷோகேசுல போட்டுப் பூட்டினான். சாவி அவன் பைக் சாவிக்கொத்துல இருக்கு. பொம்மை வீடு உள்ள போன நாள்லேருந்து அங்கேதான் இருந்திருக்கு.

8.5
சுபாஸ்ரீ என் காலடியில உட்கார்ந்து அழுதா. நான் சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

11.6 ஞாயிறு
ஊருக்கு வெளியே மேட்சல் பக்கம், அந்த ஹாஸ்டல்ல இருக்கேன். மணி அடிச்சா சாப்பாடுதான், குழந்தை சரியாத்தான் சொன்னா.

சுபாஸ்ரீயும் வர்ஷினியும் பார்க்க வந்தாங்க. ஸ்ரீகாந்துக்கு வேலையாம். இருக்கும். பெத்தவ பொறுத்துக்குவேன்.

சுபாஸ்ரீ எப்படியோ சாவி வாங்கி, பொம்மை வீட்டையும் கிளிப்பையும் பஸ்ல தூக்கிட்டு வந்திருக்கா. கண்ணாடித்தாள் இல்லை. வர்ஷினி இப்பல்லாம் தானா விளையாடுறதில்லையாம், என்ன கதைன்னு யாராவது சொல்லணுமாம். அம்மா சொன்னதும் பச்சைக் கிளிப்பை எடுத்து மாடி ரூம்ல, ஜன்னல் பக்கமா நிறுத்திட்டு என் முகத்தைப் பார்த்தா.

நான் அதை எடுத்துக் கொடியில காஞ்ச என் புடவையில மாட்டினேன்.

"நானம்மா, அது நீங்க."

"இது கிளிப்பு"ன்னேன்.

அதுக்கப்புறம் அவ எதையும் தொடலை. பஸ் வர்றவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

ரூம் வேணும்னு அனுப்பினான், என் வயித்துல பொறந்தவன், அவனை விட்டுட்டேன். எனக்காக அழுதாளே. என்னை வச்சுக்கலாமான்னு புருஷன்கிட்ட கெஞ்சினாளே. அதை அவ அப்பா அம்மா முன்னால நான் கேக்கும்படி ஆச்சே. இந்த ஜென்மத்துல மன்னிக்க மாட்டேன்.

சுபாஸ்ரீ.