மருந்துக்கடைக்காரரின் முகம்

ரூவான், 4 மார்ச் 1912

லெயோனிக்கு,

நலம். உன் பூனையும் நலம். ஓவியம் வரையப் போகிறேன் என்று நீ என்னை விட்டுப் பாரிசுக்குப் போனதை ஊர் ஒருவாறு மறந்திருந்தது. இப்போது ரொட்டிக்கடை கஸ்பார் அங்கே கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். “உம்ம பொண்டாட்டி உம்மைத் துண்டு துண்டா வெட்டிச் சுவத்துல மாட்டியிருக்கா” என்று என் கடையில் நாலு பேர் முன்னால் சொன்னான். இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள்கூட என் மூக்கையே பார்க்கிறார்கள். ‘என் கணவர்’ என்று பெயர் வேறு வைத்தாயாமே. அதை இறக்கு. இல்லாவிட்டால் ஞாயிறன்று நானே வந்து இறக்குவேன்.

அங்கே இன்னும் குளிர் விடவில்லை என்கிறார்கள். கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன்.

ஆன்செல்ம்


பாரிஸ், 7 மார்ச்

அன்புள்ள ஆன்செல்முக்கு,

சால்வை வந்தது. போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

படத்தை இறக்க மாட்டேன். மீசையை முறுக்கிக்கொண்டு நேராக உட்கார்ந்த உங்கள் முகம் புகைப்படத்தில் இருக்கிறது. அதையே நானும் எதற்கு வரைய வேண்டும்? நான் உங்களோடு வாழ்ந்தவள். முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், நீங்கள் படியிறங்கும்போது மேலிருந்தும் பார்த்தவள். அத்தனையையும் ஒரே ஓவியத் துணியில் சேர்த்தேன். முழுக்கச் சாம்பலும் பழுப்பும். காதுக்குக் கீழே மட்டும் சிவப்பில் ஒரு முக்கோணம். கண்காட்சித் தேர்வுக்குழுவில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் மாட்டச் சொன்னார்கள்.

வாருங்கள். பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

லெயோனி


ரூவான், 11 மார்ச்

அன்புள்ள லெயோனி,

நேற்று வந்தேன். உன்னைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

படத்தின் முன்னால் நின்று, இதெல்லாம் ஒரு மனிதமுகமா என்று சத்தம் போட்டேன். கூட்டம் கூடிவிட்டது. நுழைவுச்சீட்டு கொடுக்கும் பெண் வந்து என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஐயா, அது நீங்கதானே?” என்றாள். நான் யாரென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மற்றவர்களும் என் பக்கம் திரும்பினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. காதுக்குக் கீழே சிவந்து எரிவது எனக்கே தெரிந்தது.

எல்லாரும் போன பிறகும் நின்றேன். பழுப்புக்கு நடுவே, வெளிர்சாம்பலில், கீழே பார்க்கிற ஈரமான ஒரு கண். நீ காய்ச்சலில் கிடந்தபோது கதவோரம் நின்று அழுதேன். நீ தூங்குவதாகத்தான் நினைத்திருந்தேன்.

நீ ஜெயித்துவிட்டாய். வீட்டுக்கு வா. வரைவதற்கு மாடியறையை ஒழித்துத் தருகிறேன்.

உன் ஆன்செல்ம்


பாரிஸ், 14 மார்ச்

அன்புள்ள ஆன்செல்ம்,

அன்று நான் தூங்கவில்லை.

இலையுதிர்காலக் கண்காட்சியில் எனக்கென்று ஒரு முழுச் சுவர் ஒதுக்கியிருக்கிறார்கள். சிரித்தவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதனால் ரூவானுக்குத் திரும்ப மாட்டேன். மாடியறையை வாடகைக்கு விடுங்கள்.

ஆனால் ஞாயிறுகளில் கடை மூடியிருக்குமே. காலை ரயிலில் வந்து என் எதிரில் உட்காருங்கள். போன படத்தை நினைவிலிருந்து வரைந்தேன்; இனி உங்களைப் பார்த்து வரைய வேண்டும். மஞ்சள் குழைத்து வைத்திருப்பேன். உங்களுக்கு நான் இதுவரை போடாத நிறம் அது.

உங்கள் லெயோனி