வெள்ளிக்கிழமை உபவாசம்

பாளையங்கோட்டை
வியாழக்கிழமை மாலை

தம்பி ஹெப்ரானுக்கு,

ஸ்தோத்திரம். மற்ற விசாரிப்புகளை இந்த முறை விட்டுவிடுகிறேன்.

"அப்பாவுக்கு வலி குறைஞ்சிருக்கா?" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்தது அது மட்டும்தான். பதில் எனக்குத் தெரியாது. முதுகுவலியால் லெந்து நோன்புக் காலத்திலிருந்து அப்பா கோயிலில் இராப்போஜன அப்பத்தையும் ரசத்தையும் நின்றுகொண்டுதான் வாங்கினார். போன ஞாயிறு முழங்காலிட்டார். நான் கண்ணால் பார்த்தது இது. வலி குறைந்ததால் முழங்காலிட்டாரா, குறைந்துவிட்டது என்று உனக்குக் காட்டுவதற்காக முழங்காலிட்டாரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரிடம் கேட்டேன். "இப்ப பரவால்ல" என்றார். என்னிடம் அவர் எல்லாவற்றுக்கும் சொல்லும் பதில் அது.

போனை நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் அதை அப்படியே அப்பாவுக்கு அனுப்பிவிடுவாய். அதனால்தான் மின்னஞ்சல். பொறுமையாக முழுவதும் படி.

போன வெள்ளிக்கிழமை காலையில் அப்பா காப்பி வேண்டாம் என்றார். உபவாச ஜெபத்துக்குப் போகிறேன், கோயிலில் மத்தியானம் வரை இருப்பேன் என்றார். எழுபத்தெட்டு வயதில் உபவாசம் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா இருந்தவரை வெள்ளிதோறும் போனவர் என்பதால் கேட்காமல் கல்லூரிக்குப் போய்விட்டேன். அவர் ஏறிய ஆட்டோ கோயிலுக்குப் போகவில்லை, மேலப்பாளையத்துக்குப் போயிருக்கிறது. அங்கே வைத்தியத்துக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு உபவாசத்தைவிட நல்ல காரணம் நம் வீட்டில் கிடைக்காது. யோசனை உன்னுடையதா அவருடையதா என்று தெரியவில்லை. உன்னுடையது என்றுதான் நினைக்கிறேன். அப்பாவுக்குப் பொய்யில் இவ்வளவு கெட்டிக்காரத்தனம் வராது.

ஞாயிற்றுக்கிழமை நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அப்பா பீடத்தின் அழிக்கம்பிக்கு முன்னால் மெதுவாக முழங்காலிட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் குனிந்ததும் வெள்ளைச் சட்டையின் முதுகில் ஒரு சிவப்பு வட்டம் தெரிந்தது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒன்றும் தெரியாமல் பாத்திரத்துக்காகத் தலையை நிமிர்த்தினார். என் பின்னால் இருந்த முத்துராணி அக்கா, "ஏட்டி டெபோரா, சாருக்கு முதுகுல என்னட்டி? ரத்தமால்லா இருக்கு!" என்றார். அதோடு நிறுத்தவில்லை. "வெள்ளிக்கிழம சார் உபவாச ஜெபத்துக்கு வரலையே, சொகமில்ல போலன்னு நாங்க அவியளுக்கும் சேர்த்துல்லா ஜெபிச்சோம்" என்றார். அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது.

காரில் வைத்து அப்பா எல்லாவற்றையும் சொன்னார். மஸ்கட்டில் நீ ஹிஜாமா என்று முதுகைக் கீறி ரத்தம் எடுக்கும் வைத்தியம் செய்து முதுகுவலி போனதாகச் சொன்னதையும், இங்கே மீரான் பாயிடம் நீயே பேசி நேரம் வாங்கிக் கொடுத்ததையும், மாத்திரையை இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்திவிடச் சொன்னதையும் சொன்னார். "மாத்திரை விஷயத்தச் சொன்னா செய்ய மாட்டாங்க, அதனால கேட்டா இல்லன்னு சொல்லிருங்கப்பான்னான்" என்றார். மூன்று தடவை எடுத்துவிட்டால் அந்த மாத்திரையே தேவைப்படாது என்றும் சொல்லியிருக்கிறாய். இதை எந்த மருத்துவர் உனக்குச் சொன்னார்?

அந்த மாத்திரை எதற்கு என்று உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அப்பாவுக்கு வாய் கோணி, மத்தியானம் வரை என் பெயரைச் சொல்ல வரவில்லை. துடிப்பு சீராக இல்லாத இதயத்தில் ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போகாமல் இருக்கத்தான் அந்த மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவருக்குத் தோலைக் கீறினால் ரத்தம் நிற்காது. அதை நிறுத்தினால் மறுபடியும் வாய் கோணலாம், அல்லது அதைவிட மோசமாகலாம். இரண்டே நாளில் உடம்பை விட்டுப் போகிற மருந்தும் இல்லை அது. நீ அவருக்கு இரண்டு ஆபத்தையும் ஒரே சமயத்தில் வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

திங்கட்கிழமை மீரான் பாயிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். நீ எடுத்துக்கொண்டவன், உனக்குத் தெரிந்திருக்கும். நான் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கோப்பையை முதுகில் வைத்துக் கைப்பம்பால் காற்றை உறிஞ்சுகிறார்கள். தோல் உப்பியதும் பிளேடால் மேலாகக் கீறி, திரும்பவும் கோப்பையை வைத்து ரத்தத்தை இழுக்கிறார்கள். இடம் சுத்தமாக இருந்தது. பிளேடும் கோப்பையும் ஆளுக்கு ஆள் புதிது. கழிவு ரத்தம்தான் வெளியே வருகிறது என்றார். நான் இருபது வருடமாக உடலியல் பாடம் எடுக்கிறேன், உடம்பில் கழிவு ரத்தம் என்று தனியாக ஒன்று ஓடவில்லை என்றேன். "ஒங்க படிப்பு ஒங்களுக்கு, எங்க நம்பிக்கை எங்களுக்கும்மா" என்றார். அவர் நம்பிக்கை எனக்கு வராது. ஆனால் மாத்திரை பற்றிக் கேட்டீர்களா என்றபோது அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "கேக்காம கை வப்பனாம்மா? ரெண்டு தடவ கேட்டேன். இல்லவே இல்லன்னாவ. ஊருக்கே பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரு பொய் சொல்லுவாவன்னு நான் கண்டனா? மொதல்ல ஒங்க வீட்ல ஒருத்தருக்கொருத்தர் பேசிப் பழகுங்க. இனி அவியளுக்கு நான் செய்ய மாட்டேன்" என்றார்.

நான் கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை ரத்தம் நிற்காமல் துண்டு துண்டாக நனைந்தபோது பயந்துபோய் உனக்குப் போன் செய்திருக்கிறார். "எங்கப்பாவுக்கு ஒடம்பு அப்படித்தான் பாய், இறுக்கிக் கட்டி அனுப்புங்க" என்று நீ சொல்லியிருக்கிறாய்.

ஹெப்ரான், சனிக்கிழமை சாயங்காலம் நீ என்னோடு அரை மணி நேரம் பேசினாய். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களா, குறுக்குத்துறையில் ஆற்றுப் படி முங்கிவிட்டதா என்று விசாரித்தாய். உன் பையன் பாட்டுப் போட்டியில் ஜெயித்ததைச் சொன்னாய். பக்கத்து அறையில் அப்பா முதுகில் கட்டோடு, மேலே சட்டையை மாட்டிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார். அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. என் கோபம் கோப்பை மேலோ மீரான் மேலோ இல்லை. அந்த அரை மணி நேரத்தின் மேல்தான்.

ஞாயிற்றுக்கிழமையே மருத்துவர் காயங்களைப் பார்த்துக் கட்டுப் போட்டார். ரத்தம் நின்றுவிட்டது. அன்று இரவே மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்றார். அப்பா தொடங்கவில்லை. கொடுத்தால் வாங்கி மேசையில் வைத்துவிடுகிறார். "ஹெப்ரான் சொல்லட்டும்" என்கிறார். அவர் மாத்திரை போட்டு ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. நாளை வெள்ளிக்கிழமை பேட்டையில் வேறொருவரிடம் இரண்டாம் தடவை எடுக்கப் போகிறாராம். அங்கேயும் கேட்பார்கள், அங்கேயும் இல்லை என்பார். கையைப் பிடித்து வீட்டில் உட்காரவைக்க அவர் குழந்தையில்லை. நான் படித்தவள், மருத்துவர் பெரியவர், ஆனால் நீ மகன். எனக்கு எரிச்சலாக இருந்தாலும் உண்மை அதுதான்.

அதனால் கேட்கிறேன். நாளைக் காலையில் அவர் வீட்டை விட்டு இறங்குவதற்குள் கூப்பிடு. "நான் சொன்னது தப்புப்பா, மாத்திரையைப் போடுங்க" என்று சொல். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவரிடம் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிவிடு.

அக்கா
டெபோரா

*

சனிக்கிழமை காலை

ஹெப்ரானுக்கு,

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா விடியும்போதே குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். காப்பி குடிக்கவில்லை. போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தார். நீ கூப்பிடுவாய் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. ஆனாலும் அடிக்கடி எடுத்துப் பார்த்தார். நான் விடுப்புச் சொல்லிவிட்டுக் காரை வெளியே எடுத்தேன். "நீ எதுக்கு?" என்றார். எங்கே போனாலும் நான்தான் கொண்டுவிடுவேன், அங்கே அவர்கள் கேட்கும்போது பக்கத்திலும் நிற்பேன் என்றேன். ஏறி உட்கார்ந்தார்.

பேட்டைக்குத் திரும்பும் இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்தேன். மறுபடியும் போனைப் பார்த்தார். "கோயிலுக்கு விடு" என்றார்.

உபவாச ஜெபத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். சாட்சி சொல்லும் நேரத்தில் அப்பா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "போன வெள்ளிக்கிழம நான் இங்கன வரல. இங்கன வாரேன்னு எம் மவட்டப் பொய் சொல்லிட்டு மேலப்பாளையம் போனேன். மாத்திரை சாப்பிடலன்னு அங்கனயும் பொய் சொன்னேன். அவிய மேல ஒரு தப்பும் கெடையாது. எனக்கு யாரும் சொல்லித் தரல. எல்லாம் நானே செஞ்சது. சபை மன்னிக்கணும்" என்றார். முத்துராணி அக்கா பழக்கத்தில் அல்லேலூயா என்று ஆரம்பித்துப் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

"யாரும் சொல்லித் தரல." பொய்யை அறிக்கையிட எழுந்தவர், அதே மூச்சில், பீடத்துக்கு முன்னால், உனக்காக இன்னொரு பொய்யைச் சொன்னார். அங்கே அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் எழுந்து மறுக்கவில்லை. குனிந்து உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

வரும் வழியில் ரத்தப் பரிசோதனைக்கு நானே நிறுத்தினேன். கையை நீட்டிக் கொடுத்தார். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், "அந்த மாத்திரைய எடு" என்றார். ஹெப்ரான் சொல்ல வேண்டாமா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "நான்தான் நிறுத்துனேன்னு சபையில சொல்லிட்டம்லா. அப்போ நான்தான ஆரம்பிக்கணும்" என்றார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டார். பேட்டைக்கு இனிப் போவதில்லை என்றும் சொன்னார்.

உன் போன் வரவில்லை. அவர் படுத்த பிறகும் அதை அணைக்காமல் தலைமாட்டில்தான் வைத்திருந்தார்.

உனக்கு எழுதினால் அவருடைய ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

டெபோரா