பெலாரூசியனில் போதும், யொரூபாவில் வேண்டும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் செய்தால் அப்பா பேச்சை எடுத்ததுமே வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாதே, அந்தத் தைரியத்தில்தான் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். கிழித்துப் போடுவதென்றால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

உன் அப்பாவுக்கு மூளையில் கட்டி. பேச்சு இருக்கிற இடமாகப் பார்த்து வந்து உட்கார்ந்திருக்கிறது. முதலில் சாமான்களின் பெயர் மறந்தது. டம்ளரைக் காட்டி "அது, அது" என்பார். வயசாகிவிட்டது என்று நானும் கிண்டல் செய்துகொண்டு திரிந்தேன். ஒருநாள் காலையில் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டார். அது தமிழ் இல்லை. அன்றிலிருந்து அவர் வாயில் தமிழ் வரவில்லை. நாம் சொன்னாலும் புரிவதில்லை.

மிச்சம் இருப்பது எது என்று உனக்கே தெரிந்திருக்கும். அவருடைய செல்லப் பிள்ளைகள் இரண்டும்தான், பெலாரூஸ் நாட்டுப் பெலாரூசியனும் நைஜீரியாவின் யொரூபாவும். பல்கலைக்கழகத்தில் ஆயுசு முழுக்க அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாரே! ரெண்டுக்கும் என்ன சார் சம்பந்தம் என்று கேட்காத ஆள் இல்லை. "சம்பந்தம் இருந்தா கல்யாணம் பண்ணி வெச்சிருப்பேன், இல்லாததாலதான் ஒப்பிட்டுப் பாக்கறேன்" என்பார்.

யொரூபாவில் குரல் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு பொருளாம். உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வணக்கம், வேலையில் இருப்பவருக்கு ஒரு வணக்கம் என்று ஆளுக்கும் நேரத்துக்கும் தனித்தனி வணக்கமாம். பெலாரூசியன் நாக்கில் மெத்தென்று உட்காருமாம், ஆனால் சொந்த மண்ணிலேயே அதைப் பேச ஆள் குறைந்துகொண்டு வருகிறதாம். சாப்பாட்டு மேஜையில் இதைத்தான் நமக்குப் பரிமாறினார். கடைசியாக நீ வீட்டை விட்டுப் போனபோது, "எங்ககிட்ட பேச மட்டும் உங்களுக்கு ஒரு பாஷையும் கிடைக்கலையாப்பா" என்று கேட்டாய். அவர் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இப்போது பதில் சொல்ல நினைத்தாலும் அவரால் முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் செய்தால் உயிர் தப்பலாம், ஆனால் இருக்கிற பேச்சும் மொத்தமாகப் போய்விடும் என்கிறார் டாக்டர். செய்யாவிட்டால் பேசிக்கொண்டே இருப்பார், சில மாதம்தான். அவர் விருப்பம் என்ன என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார். நான் எந்த வாயால் கேட்பேன்?

நம் மாடி வீட்டில் பியானோ சொல்லித் தருகிற அம்மாவுக்குப் பெலாரூசியன் தாய்மொழி, இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து தமிழும் நன்றாகப் பேசுவார். அவரைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கேட்கச் சொன்னேன். அப்பா ஜன்னலைப் பார்த்தபடி நிதானமாகப் பேசினார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்னு சொல்றார். பேச்சில்லாம கட்டையா கிடக்க மாட்டாராம், விட்டுடச் சொல்றார்" என்றார். நானும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு, கை கால் பயிற்சி கொடுக்க ஒரு புதுப் பையன் வந்தான். நைஜீரியாவிலிருந்து இங்கே படிக்க வந்து தமிழும் பழகியவன், தாய்மொழி யொரூபா. வாசலில் நின்று ஒரு வணக்கம் சொன்னான், அவ்வளவுதான், உன் அப்பா படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு அரட்டை, அப்படி ஒரு சிரிப்பு! எதற்கும் இருக்கட்டும் என்று அதே கேள்வியைக் கேட்கச் சொன்னேன். "கத்தி வைக்கட்டும், நான் இருக்கணுங்கிறார்மா. வாய் போனா என்ன, நாலு பேர் பேசறத கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேங்கிறார்" என்றான்.

எனக்குத் தலை சுற்றிவிட்டது. இரண்டு பேரையும் ஒன்றாகவே கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அந்த அம்மா பக்கம் திரும்பினால் போதும் என்கிறார், இந்தப் பையன் பக்கம் திரும்பினால் வேண்டும் என்கிறார். இரண்டும் முழு மனதோடு. "ஏம்மா, ஒரு மனுஷனுக்கு ஒரு பதில்தானே இருக்கும்?" என்று டாக்டர் எரிச்சல்பட்டார்.

எனக்கு மட்டும்தான் அது புரிந்தது. பெலாரூசியனை அவர் சின்ன வயதில், வாடகை அறையில் தனியாக உட்கார்ந்து, பேச ஒரு துணை இல்லாமல் படித்தார். யொரூபாவை ஒரே வீட்டில் எட்டுப் பேரோடு சமைத்துச் சாப்பிட்டு, சண்டை போட்டுச் சிரித்துக் கற்றுக்கொண்டார். தனியாக இருந்தவன் போதும் என்கிறான். கூட்டத்தில் இருந்தவன் வேண்டும் என்கிறான். என்னோடு வாழ்ந்தவன் என்ன சொல்வான் என்பதைத்தான் கட்டி தின்றுவிட்டது.

நேற்று யாரையும் அழைக்காமல் நானே கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க" என்று தமிழில் அழுதேன். அவர் என்னைப் பார்த்து ரொம்ப மரியாதையாக ஏதோ சொன்னார். அந்த நேரம் பையன் உள்ளே வந்தான். என்னப்பா சொல்கிறார் என்றேன். சொல்லத் தயங்கினான். விடாமல் கேட்டதும் சொன்னான். "இந்தம்மா பாவம், தினமும் வந்து உக்காந்திருக்காங்க, வீட்ல தேட மாட்டாங்களான்னு கேக்கறார்."

திங்கட்கிழமை டாக்டரிடம் முடிவான பதில் சொல்ல வேண்டும். ஆபரேஷன் செய்யுங்கள் என்று சொல்லத்தான் எனக்கு வாய் துடிக்கிறது. ஏன் என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. அந்தப் பையனிடம் அவர் சொன்ன பதிலுக்காக இல்லை. எல்லாப் பேச்சும் போய்விட்டால் எங்கள் நடுவில் யாரும் நின்று மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அவரும் ஊமை, நானும் ஊமை, சரிக்குச் சரி. இந்த ஆசையை வைத்துக்கொண்டு நான் எப்படியடி முடிவு எடுப்பேன்? என்னை எனக்கே பிடிக்கவில்லை.

நீ வா. கோபத்தோடேயே வா. அவரைத் தமிழில் திட்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை. புரியாமல் போகட்டும், அவர் காதில் உன் குரல் விழட்டும். அதற்குப் பிறகு நீ சொல்வதை நான் செய்கிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் கடைசிவரை ஒரே பாஷையில் சண்டை போட்டு, ஒரே பாஷையில் கிழவன் கிழவியாக வேண்டும்.

உன் அம்மா