துண்டு அடுக்கிய ஸ்டூல்

என் அன்பு மகள் வக்கீலம்மாவுக்கு, அப்பா ஆசையோடு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் முழங்கால் ஒன்றைத் தவிர. அந்தக் கதை வரவேண்டிய இடத்தில் வரும். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, கைக்கும் காலுக்கும் சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாமல் செய்து, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். மத்தியான வேளை, சலூனில் ஈ காக்காய் இல்லை, அதனால் எழுதத் தொடங்கினேன். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அவள் முடிப்பதற்குள் எனக்கு ஆள் வந்துவிடுகிறது. தாளில் குறுக்கே யாரும் வர முடியாது பார்.

உன் அம்மா புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள். இப்போதுதான் என் நரையெல்லாம் சரியாகத் தெரிகிறதாம், தினமும் ஒன்றைக் கண்டுபிடித்து அறிவிக்கிறாள். நம் கடைக்கு எதிரே புதிதாக ஒரு சலூன் திறந்திருக்கிறார்கள், ஏசி, மூன்று சுழல் நாற்காலி, பாட்டு எல்லாம் உண்டு. எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், கவலை இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருஷக் கடைசிப் பரீட்சையில் எழுதித்தர ஆளும் வேண்டாம், கூடுதல் நேரமும் வேண்டாம், எல்லாரையும் போல நானே எழுதிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். விடுதியில் பக்கத்து அறைப் பெண், உனக்கென்னப்பா, ஒரு மணி நேரம் சும்மா கெடைக்குது, எழுதவும் ஆள் இருக்கு, எங்களுக்கும் குடுத்தா நாங்களும்தான் முதல் மார்க் வாங்குவோம் என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டாளாம். கேட்டதும் வந்த கோபத்தில் ரயிலேறி வந்து அவளை நாலு கேள்வி கேட்கலாம் என்று பையை எடுத்துவிட்டேன். யாரைப் பார்த்தாலும் தலைமுடியை வைத்துப் பெயர் வைக்கிறவன் நான், இவளைப் பார்த்ததில்லையா, திட்டுவதற்குக்கூட ஒரு பெயர் கிடைக்கவில்லை. உன் அம்மாதான் பையைப் பிடுங்கி வைத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, முதல்ல நம்ம பிள்ளைக்கு ஒரு வார்த்தை எழுதுங்க என்றாள்.

கண்ணு, முதல் தேர்வை நீ மறந்துவிட்டாயா? எழுதித்தர ஆள் ஏற்பாடெல்லாம் ஆவதற்கு முன்னால் நீயே எழுதிய தேர்வு. கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் தெரியும், இரண்டாவது கேள்வியிலேயே விரல் இறுகிப் பேனா நழுவிவிட்டது, மணி அடித்துத் தாளை வாங்கிக்கொண்டார்கள். தெரியாம தோத்தா பரவாயில்லப்பா, தெரிஞ்சும் தோத்துட்டேன் என்று போனில் நீ அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் கண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் சும்மா கிடைப்பது. உனக்கு அது உன் கை ஏற்கெனவே எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தருவது.

உன்னைச் சட்டக் கல்லூரியில் சேர்க்க வந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான அலுவலகத்தில் இருந்த அந்த மனிதர், அவருக்கு வலது கிருதா ஒரு விரல் அளவு இறங்கியிருந்ததால் கிருதா சார் என்று நான் பெயர் வைத்தேனே, அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, உன்னைப் பார்த்துத்தான், உனக்கு என்னென்ன வேணும்மா, நீயே சொல்லு என்று கேட்டார். வீட்டில் நீ ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நானும் உன் அம்மாவும் போட்டி போட்டுக்கொண்டு முடித்துவைப்போம். அந்தப் பழக்கத்தில் அங்கேயும் வாயைத் திறந்தேன். அவர் கையை மெதுவாக உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, உன் பேச்சு நின்று நின்று வந்து முடிகிறவரை காத்திருந்தார். மூன்றாவது மாடியில் நடந்த வகுப்பை உனக்காகக் கீழ்த்தளத்துக்கே இறக்கிவிட்டார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகையும் வருகிறது, கையும் சும்மா இருக்கவில்லை. பையிலிருந்த கத்தரியை எடுத்து, சார், ஒரு நிமிஷம் திரும்புங்க, அந்தக் கிருதாவைச் சமன் பண்ணிடுறேன் என்று சொல்லிவிட்டேன். நீ வெட்கத்தில் மேசைக்கு அடியில் போகாத குறை. அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இதுக்கெல்லாம் கைம்மாறு கெடையாதுங்க, இது உங்க பொண்ணுக்குச் சேர வேண்டியது என்றார். சேர வேண்டியதாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் தருகிறவர்கள் எத்தனை பேர்? நன்றி சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

உனக்காக எழுதித்தருகிற சுருட்டைமுடிப் பெண்ணையும் நினைத்துக்கொள்கிறேன். நீ பாதி வாக்கியத்தில் நின்றால் அவளும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள், நீ சொல்லாத ஒரு சொல்லைக்கூடச் சேர்க்க மாட்டாள் என்று சொன்னாயே. பெற்ற எங்களுக்கு வராத பொறுமை. அவள் நன்றாக இருக்கட்டும்.

இதையெல்லாம் உனக்கு எப்படி எழுதுவது என்று உன் அம்மாவிடம் ஒத்திகை பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் வந்தால் நாற்காலிக் கைகளின் மேல் குறுக்கே பலகை போட்டு உட்காரவைக்கிறேன், நீயும் அதில் உட்கார்ந்து அழுதவள்தான். அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் பலகை என்று இதுவரை எந்தப் பெரிய மனிதரும் சண்டைக்கு வந்ததில்லை, தலை என் கைக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று பிரமாதமாகப் பேசினேன். உன் அம்மா புதுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, ஊருக்குத்தான் உபதேசம், மூலையில கிடக்கிற ஸ்டூலுக்கு என்ன பதில் சொல்றீங்க என்றாள்.

உனக்கு அந்த ஸ்டூல் கதை தெரியாது. நாளெல்லாம் நின்று நின்று என் முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி நின்று வெட்டினால் தொழிலையே விட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடியிலிருக்கிற பல் டாக்டரம்மா கேள்விப்பட்டு, தன்னுடைய பழைய ஸ்டூலைக் கொடுத்தனுப்பினார். நாலு பக்கமும் உருளும், மிதித்தால் ஏறும் இறங்கும். நல்ல மனசு. நான் அதன்மேல் துண்டுகளை அடுக்கிவைத்துவிட்டேன். உட்கார்ந்து வெட்டினால் இவனுக்குக் கை போய்விட்டது என்று நினைத்து எல்லாரும் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்களோ என்று பயம். நீ சொன்ன அதே கதைதான். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் துண்டை எடுத்தேன். முதலில் வந்தவர் யார் தெரியுமா, நம்ம நொட்டை சொல்லி. அவருக்கு இருக்கிற முடியைவிட அவர் சொல்கிற குறை அதிகம். நான் உட்கார்ந்துகொண்டு அவரைச் சுற்றி உருண்டேன். முடிந்ததும் பின்கண்ணாடியைக் காட்டினேன். எப்போதும் போல, இடது பக்கம் இன்னும் கொஞ்சம் எடுக்கலாமே என்றார். ஸ்டூலைப் பற்றி ஒரு சொல் இல்லை. வெட்டியது என் கைதானே, ஸ்டூலா வெட்டியது? உன் விடையைச் சொன்னதும் நீதானே, சுருட்டையா சொன்னாள்? அன்றைக்குச் சாயங்காலம் வலியில்லாமல் வீட்டுக்கு நடந்து போனேன். இத்தனை நாள் யாருக்காக வலித்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

ஊரார் நியாயத்தையெல்லாம் எடுத்துப் பேசப்போகிற பிள்ளை நீ. உன்னுடையதைக் கேட்க முதலில் கூச்சப்படாதே. மாதம் முடிவதற்குள் சொல்லாவிட்டால் சுருட்டையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்றாயாம். தும்பை விட்டு வாலைப் பிடிக்காமல் நாளைக்கே போய்ச் சொல். போனால் கிருதா சாருக்கு இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து எழுது, எனக்கு அது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நீ எங்கே இருந்தாலும் குறைவில்லாமல் வாழ வேண்டும், நினைத்ததைச் சொல்லி முடிக்கிறவரை உனக்கு எதிரில் காத்திருக்கிற மனிதர்கள் எப்போதும் கிடைக்க வேண்டும். அம்மாவின் முத்தமும் இதில் சேர்த்தி. ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடு, மழைக்காலம் வருகிறது. நான் உட்கார்ந்துவிட்டேன் மகளே, இனி உன் முறை.

துண்டுகளை அலமாரிக்கு மாற்றிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இதை எழுதி முடித்த,
உன் அப்பா.