துறைமுகத்திலிருந்து உன் அம்மா தானாக வீட்டுக்கு வந்தது

மந்தைவெளி,
சென்னை

அன்பு மகள் மணிமொழிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், மனசளவில் அம்மா மட்டும் ரொம்பவே சௌக்கியம். அங்கே ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளை புகழேந்தியும் எப்படி இருக்கிறீர்கள், குளிர் விட்டதா, உன் இருமல் நின்றதா என்று தெரிந்துகொள்ள மனம் அடித்துக்கொள்கிறது. போனில் கேட்கலாமே, இதற்கு எதற்குக் கடிதம் என்பாய். போனில் எங்கே பேச முடிகிறது? உன் முகம் திரையில் வந்ததும் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அவள் முடித்ததும் எதிர்வீட்டு அஸ்மத்துன்னிசா வந்து எட்டிப் பார்த்து நலம் விசாரிக்கிறார், என் முறை வரும்போது உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. அதனால்தான் நம் கண்ணாடிக் கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அம்மா உன்னிடம் கப்பலில் போய்வந்த கதையை எல்லாம் சொல்லியிருப்பாள். இறங்கிய பிறகு நடந்ததை அவள் பக்கத்துக் கதையாகத்தான் சொல்லியிருப்பாள், என் பக்கத்தையும் நீ கேட்க வேண்டும்.

எங்கள் கல்யாண நாளுக்கு என்று நீ ஆசையாக எடுத்துக் கொடுத்த டிக்கெட் அது. சென்னைத் துறைமுகத்தில் ஏறி விசாகப்பட்டினம் வரை போய்த் திரும்புகிற சொகுசுக் கப்பல். எனக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது என்று நான் சொன்னது உண்மை. இதற்கு முன்னால் நீங்கள் எந்தக் கப்பலில் ஏறினீர்கள் என்று நீ கேட்டதும் உண்மை. நான் மனசுக்குள் போட்ட கணக்கை மறைக்காமல் எழுதுகிறேன், நான் வரவில்லை என்றால் அவளும் போகமாட்டாள், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் வழக்கம்போல் கபாலி கோயிலுக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் தி. நகருக்குக்கூட நான் இல்லாமல் போனதில்லை, ரோடு தாண்டும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாளே, உனக்குத் தெரியாதா. ஆனால் அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "சரி, உங்களுக்கு ஒத்துக்காதுன்னா வாணாம். டிக்கெட்டு வீணாப் போவாம நான் அஸ்மத்தக் கூட்டினு போறேன்" என்று சொல்லிவிட்டாள். நீயும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் டிக்கெட்டில் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டாய். அதை நான் மறக்கவில்லை.

அஸ்மத்துன்னிசாவை நீ திரையில்தான் பார்த்திருக்கிறாய், நீ அங்கே போன பிறகுதான் அவர் எதிர்வீட்டுக்குக் குடிவந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, பிள்ளைகள் பெங்களூரில். நல்ல மனுஷிதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பெருநாளைக்கு அவர் கொடுத்தனுப்பிய சேமியா பாயசத்தை நானும் இரண்டு டம்ளர் குடித்தேன். ஆனால் காலையில் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தால் அங்கேயே நின்றுகொண்டு அவரும் உன் அம்மாவும் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், அந்தப் பால் காய்ந்து என் காபி வருவதற்குள் பேப்பரில் விளம்பரம் உட்பட எல்லாவற்றையும் படித்துவிடுகிறேன். அப்படி என்னதான் பேசுகிறீர்கள் என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல, சும்மா" என்கிறாள். அந்தச் சும்மாவை என்னிடமும் கொஞ்சம் பேசினால் என்ன?

கப்பல் திரும்பி வந்த அன்று அழைத்துவர நான்தான் போவதாக ஏற்பாடு. காலையில் போன் செய்தாள், "கப்பல் கரைக்கு வந்துட்ச்சு, எறங்கினு கீறோம்" என்று குரல் துள்ளியது. நான் கண்டிப்பாகச் சொன்னேன், "வாசல்லயே நில்லு சுலோ, நான் வராம ஒரு அடிகூட எடுத்து வெக்காத" என்று. வாடகைக் கார் பிடித்துக் கிளம்பினேன். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டேன், பூவும் வாங்கி வைத்துக்கொண்டேன், அதை அவளிடம் நான் இதுவரை சொல்லவில்லை. வழியில் கடற்கரைச் சாலையில் ஒரு லாரி பழுதாகி நின்று, வண்டிகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. அவளுக்குப் போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. கப்பலில் இருந்தவரை படமாக எடுத்துத் தள்ளியதில் சார்ஜ் தீர்ந்துபோயிருக்கிறது. அஸ்மத்துன்னிசாவைக் கூப்பிடலாம் என்றால் அவர் நம்பர் என்னிடம் இல்லை. அம்மா எத்தனையோ தடவை சேமித்து வைத்துக்கொள்ளச் சொன்னாள், எனக்கு எதற்கு அவர் நம்பர் என்று நான்தான் விட்டுவிட்டேன். காருக்குள் உட்கார்ந்துகொண்டு என்னென்னவோ நினைத்தேன், வெயிலில் நிற்கிறாளே, மாத்திரை போட்டாளோ இல்லையோ, யாராவது பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டால் என்ன செய்வாள் என்று.

ஒரு வழியாகத் துறைமுக வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே ஒருவரும் இல்லை. காவலுக்கு நின்றவர், "கப்பல்ல வந்தவங்கள பஸ்ல கொணாந்து விட்டாச்சு சார், அல்லாரும் பூட்டாங்க" என்றார். பக்கத்தில் தள்ளுவண்டியில் பழம் வெட்டி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம், இந்த மாதிரி இரண்டு அம்மாக்கள், ஒருத்தர் பச்சைப் புடவை, ஒருத்தர் புர்கா என்று கேட்டேன். அவர், "அந்தப் பச்சப் பொடவக்காரம்மா பெரிய தொப்பி ஒண்ணு போட்டுனு இருந்துச்சா?" என்றார். உன் அம்மாவுக்கு ஏது தொப்பி என்று நினைத்து, இல்லை என்றேன். பிறகு யோசித்தால் கப்பலில் தொப்பி வாங்கினேன் என்று அவள் போனில் சொன்னது ஞாபகம் வந்தது. ஆமாம் ஆமாம் என்றேன். "அவுங்க ரெண்டு பேரும் பொட்டிய இழுத்துனு பீச் ஸ்டேஷன் பக்கம் போனாங்க சார். சிரிச்சினே போனாங்க" என்றார். அவர் வழி சொன்னது காதில் விழுந்தது, அந்தச் சிரிச்சினே என்பதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நான் அங்கே பதறிக்கொண்டு வருகிறேன், இவள் சிரித்துக்கொண்டு போயிருக்கிறாள்.

எல்லாம் அந்த அஸ்மத்துன்னிசா செய்த வேலை, அவர்தான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்று அவரைத் திட்டிக்கொண்டே காரை அனுப்பிவிட்டுச் சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். பறக்கும் ரயில் எந்தப் பிளாட்பாரம் என்று எனக்கே தெரியவில்லை, கடை, வீடு, ஸ்கூட்டர் என்று இருந்தவன் ரயிலில் ஏறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. யாரையோ கேட்டு வேளச்சேரி வண்டியில் ஏறி, பூப்பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மந்தைவெளியில் இறங்கி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து கதவைத் திறந்தால், உன் அம்மா என் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு டீ குடிக்கிறாள், பக்கத்தில் அவர். என்னைப் பார்த்ததும் அம்மா, "எங்க பூட்டீங்க? போனு சார்ஜ் ஏறினதும் அடிச்சா எடுக்கவே இல்லியே" என்றாள். ரயில் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "நான் வராம எப்படிக் கெளம்பின? தொலைஞ்சு போயிருந்தா என்ன பண்ணுவ?" என்று கத்திவிட்டேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக, "நான் எங்க தொலைஞ்சேன்? நான் வீட்லதான கீறேன். உங்களத்தான் காணோம்னு நாங்க தேடினு இருந்தோம்" என்றாள். அஸ்மத்துன்னிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கையால் வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். பூவை நான் ஃபிரிட்ஜில் காய்கறிக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் முழுக்க நான் அவளோடு பேசவில்லை. அதனால் எப்படி வந்தாள் என்பதையும் அவளிடம் கேட்க முடியவில்லை. கீழே இஸ்திரி போடும் பேச்சியம்மாளிடம் அவள் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பால்கனியில் துணி எடுப்பதுபோல் நின்று கேட்டேன். கட்டின புருஷன் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது பார். அப்போதுதான் எனக்கு இன்னொரு இடி விழுந்தது. "அண்ணன் வர வரைக்கும் நிப்போம் சுலோ" என்று சொன்னவரே அஸ்மத்துன்னிசாதானாம். உன் அம்மாதான், "அவரு எங்க மாட்டினாரோ, எதுர்ல ஸ்டேஷன வெச்சுனு ஏன் வெயில்ல காயணும், வா போலாம்" என்று பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டபோது வேண்டாம் என்று கையை ஆட்டியவளும் அவள்தான். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர், "மேல கிராஸ் பண்ணாதம்மா, சப்வேல எறங்கி ஏறு" என்று காட்டியிருக்கிறார். பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு படி இறங்கி ஏறி, டிக்கெட் வாங்கி, வந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அது தாம்பரம் வண்டி. ஒரு காலேஜ் பெண் மந்தைவெளிக்கு இது போகாதே என்று சொன்னதும் அஸ்மத்துன்னிசா பதறிப்போயிருக்கிறார், உன் அம்மா, "இன்னா இப்ப, அடுத்ததுல எறங்கி மாறினாப் போச்சு" என்று கோட்டை ஸ்டேஷனில் இறக்கி, வேளச்சேரி வண்டிக்கு நின்று, ஏறி, ஜன்னல் பக்கம் இடம் பிடித்து, திருவல்லிக்கேணி தாண்டும்போது இரண்டு பேரும் கப்பலில் வாங்கிய முந்திரியைத் தின்றுகொண்டு வந்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது பேச்சியம்மாள், "அய்யே, நீயாக்கா இப்டி!" என்று கைதட்டினாள். உன் அம்மா, "நானேதான்" என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. பரிசு வாங்கிவந்த குழந்தைபோல் இருந்தது. கையில் துணியை வைத்துக்கொண்டு நான் ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

பொறாமை என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள், அது பொறாமைதான். அஸ்மத்துன்னிசா மேல் என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு கப்பல் மேல், அந்தத் தொப்பி மேல், வழிசொன்ன போலீஸ்காரர் மேல்கூட எனக்குப் பொறாமையாக இருக்கிறது. படங்களை உனக்கும் அனுப்பியிருப்பாளே, கம்பியைப் பிடித்துக்கொண்டு முடி பறக்க, எல்லாப் பல்லும் தெரிய நிற்கிறாள் பார், என்னோடு எடுத்த ஒரு படத்தில் அப்படிச் சிரித்திருக்கிறாளா? நம் வீட்டு ஆல்பத்தை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டேன், இல்லை. இப்போது ரயில் பழகிவிட்டது, இரண்டு பேரும் நினைத்தால் திருவான்மியூர் போகிறார்கள், கஸ்தூரிபா நகரில் இறங்கி அடையாறில் மோர்மிளகாய் வாங்கி வருகிறார்கள். போன வாரம் லஸ் முனையில் நான் ரோடு தாண்டத் தயாராகிக் கையை லேசாக நீட்டினேன், திரும்பிப் பார்த்தால் அவள் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, "வாங்க வாங்க, பஸ்சு வருது" என்கிறாள். என் சட்டைக் கை இப்போதெல்லாம் கசங்குவதே இல்லை, பேச்சியம்மாளுக்கு வேலை மிச்சம்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது இன்னொரு செய்தி சொன்னாள், பொங்கல் கழிந்ததும் மறுபடி கப்பலில் போகப்போகிறார்களாம், இந்தத் தடவை இலங்கைப் பக்கம். ரசம் ஊற்றிக்கொண்டே, "நீங்களும் வரீங்களா?" என்று கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், ஆனால் உடனே சரி என்றால் என்ன மரியாதை, "பாக்கலாம், எனக்குத்தான் ஒத்துக்காதே" என்றேன். முன்னெல்லாம் என்றால் இன்னும் இரண்டு தடவை கேட்பாள், கோபித்துக்கொள்வாள், கடைசியில் நான் மனமிரங்குவதுபோல் ஒத்துக்கொள்வேன், அதுதான் எங்கள் வழக்கம். நேற்று அவள், "சரி" என்று சொல்லிவிட்டு அப்பளம் எடுக்க எழுந்து போய்விட்டாள். ராத்திரி விளக்கை அணைக்கும்வரை பார்த்தேன், கேட்கவில்லை. காலையில் காபி கொடுக்கும்போது பார்த்தேன், கேட்கவில்லை. நானாகப் போய், நானும் வருகிறேன் என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

அதனால் மணி, உன்னிடம் ஒரு உதவி. அடுத்த தடவை பேசும்போது, அப்பாவை இன்னொரு தடவை கேட்டுப் பாரேன் என்று உனக்கே தோன்றிச் சொல்வதுபோல் அம்மாவிடம் சொல். நான் எழுதினேன் என்று தெரிய வேண்டாம். மூன்று பேருக்கு ஒரே அறை கிடைக்காது என்றால் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருக்கட்டும், எனக்குத் தனியாக ஒரு மூலை கிடைத்தாலும் போதும். திரும்பி வரும்போது காரெல்லாம் வேண்டாம், ரயிலிலேயே வரலாம், எந்த வண்டி என்று அவள் சொல்லட்டும், பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ கபாலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். இருமலுக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் குடி, வெறும் காலோடு தரையில் நடக்காதே. வார நாளில் அம்மா பிடிபடமாட்டாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, அப்போது வீட்டில் இருப்பாள் என்று நினைக்கிறேன். மறந்துவிடாதே, ஒரு தடவை கேட்டால் போதும், இந்த முறை நான் உடனே சரி என்று சொல்லிவிடுவேன்.

உன் அன்பு அப்பா,
கோதண்டபாணி