முழங்காலில் இல்லாத மை

கடவுள் துணை.

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை மூவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன், ஆனால் மூவரில் இருவருக்குத்தான் நான் உத்தரவாதம். நீ விளையாட்டு விடுதியில் சுகமாக இருக்கிறாய் என்பதையும் நீ சொன்னதால் மட்டும் இப்போதைக்கு நம்பி வைத்திருக்கிறேன். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சின்னவளின் நடனப் பள்ளியில் போன வாரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழங்காலை ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பார்களே, அதே ஜெல், அதே கருவி. வலி என்று சொல்லாத பிள்ளைக்கு எதற்கு ஸ்கேன், அதுவும் காசு வாங்காமல், என்று எனக்கு அப்போதே உறுத்தியது. சும்மா பார்த்துவிட்டுப் பின்னால் பெரிய வைத்தியமாகத் தலையில் கட்டுவார்கள், இல்லாவிட்டால் மேடை நிகழ்ச்சிக்கு வேண்டாதவர்களைக் கழிக்க இது ஒரு சாக்கு என்று உன் அப்பாவிடம் சொன்னேன். "சந்தேகப்பட ஆள் கிடைக்கலன்னா நீ கண்ணாடியையே முறைப்ப" என்றார். அவரை விடு. நடன ஆசிரியை அம்மாக்களை உட்காரவைத்து விளக்கினாள். குதித்து ஆடுகிற, ஓடுகிற பிள்ளைகளுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநார் வலி தெரியும் முன்பே தடிக்கத் தொடங்கலாமாம், அப்போதே கண்டு குதிப்பைக் குறைத்தால் பெரும்பாலும் தேறிவிடுமாம், மேலே மேலே குதித்தால் மாதக்கணக்கில் படுத்துமாம். அப்படித் தெரிந்தவர்களுக்கு இந்த வருடம் மேடை கிடையாதாம்.

சின்னவளின் ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், பிரார்த்தனையில் இவள் ஒரு காலை மடக்காமல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால், "சாமி காலையா பாக்குது, மனசத்தானம்மா பாக்குது" என்கிறாள். மாடிப்படி இறங்கும்போது கை சுவரைத் தேடுகிறது. வலித் தைலம் நான் போட்ட கணக்குக்கு முன்பே தீர்ந்துபோகிறது, அப்பாவும் தொடவில்லை, நானும் தொடவில்லை. சரி, ஸ்கேன் எடுத்த பெண்தான் அவசரத்தில் கோட்டை விட்டுவிட்டாள் என்று அவளை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

அப்புறம் தையற்காரர் மகள் தைத்த துணி கொடுக்க வந்தாள், அவளும் அதே பள்ளிதான். அவளுடைய முழங்கால் சில்லுக்குக் கீழே நீல மையில் ஒரு பெருக்கல் குறி. என்னடி இது என்றேன். "ஸ்கேன் அக்கா போட்டது ஆன்ட்டி, எங்க வெச்சுப் பாக்கணும்னு எல்லாருக்கும் போட்டாங்க, தேச்சுத் தேச்சுப் பாக்கறேன், போய்த் தொலைய மாட்டேங்குது" என்றாள். சின்னவளின் கால்களோ கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தன. பக்கத்து வீட்டுக் குச்சி இருக்கிறாளே, நடனத்துக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம், புத்தகத்தை விட்டு அசையாத பிள்ளை, அவளுடைய முழங்காலில் அதே நீல மை. அவளையும் உன் தங்கையையும் நிறுத்திக் கேட்டேன். குச்சி அழுதாள். உன் தங்கை அழவில்லை, "நம்ம அக்காதான் போன்ல சொன்னா, உன் பேர்ல வேற யாராவது போகட்டும், ஸ்கேன் எடுக்கறவங்களுக்கு முகமா தெரியப்போகுது, முழங்கால்தானேன்னா" என்றாள்.

கையைப் பிடித்துக்கொண்டுபோய் மறுபடி ஸ்கேன் எடுக்கவைத்தேன். வலது காலில் தசைநார் தடித்து, படத்தில் கறுப்பாக ஒரு திட்டு. அந்தப் பெண் கோபப்படவில்லை, "படத்துல மாற்றம் இருக்கற எல்லாருக்கும் வலி வந்துடாதும்மா, இவளுக்கு வலியும் இருக்கே, குதிக்காம தொடைக்குப் பயிற்சி செஞ்சா சரியாயிடும்" என்றாள். மேடை போயிற்று. உன் தங்கை என்னோடு பேசுவதில்லை, தட்டை வைக்கும் சத்தத்தில்தான் பதில் வருகிறது. பரவாயில்லை, அந்தக் கோபத்தை நான் தாங்கிக்கொள்வேன்.

இனி உன் விஷயம். இப்படி ஒரு யோசனை சும்மா காற்றில் வந்திருக்காது. போன வருடம் உன் விடுதியிலும் முழங்கால் பார்த்தார்கள், எனக்கு ஒன்றுமில்லை, சுத்தம் என்று எழுதினாய். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி யாருடைய முழங்காலால் வந்தது என்று இப்போது தெரியவில்லை. வீடியோவில் எப்போது வந்தாலும் நீ உட்கார்ந்தே இருக்கிறாய். ஓட்டம் போய்விடுமோ என்ற பயத்தில் நீ எதையும் மறைப்பாய் என்று எனக்குத் தெரியும். ஓடாவிட்டாலும் நீ எனக்குப் பெரியவள்தான்.

வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன் கால்களுக்குக் காவலாக இருக்கட்டும், நீயும் அவருக்குக் கொஞ்சம் ஒத்துழை. மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனைக் கீழ்ப்படியில் சாய்த்து வைத்துவிட்டு, மேலிருந்து இறங்கி வா. சுவரைத் தொடாமல்.

இப்படிக்கு,
இனி முகத்தை மட்டும் பார்த்து நம்பப்போகாத
உன் அம்மா